கொப்புளத் துரையும் மருந்தடிக்காத பாதியும்

தலையில் கம்பளி போர்த்தி, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, தேயிலைச் செடியிடம் நலம் விசாரித்த வெள்ளைக்காரர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கொப்புளத் துரை. யாராவது இதை மறுப்பதாக இருந்தால் தாராளமாக மறுக்கலாம். சண்டை போட எனக்குத் தெம்பில்லை. இருந்த தெம்பில் பாதியை அந்த மனிதர் தெமோதரை மலைச்சரிவில் வைத்தே வாங்கிவிட்டார். மீதியை அட்டைகள் உறிஞ்சிவிட்டன.

அது ஐம்பதுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பதுளைப் பக்கத்தில் தேயிலை ஆராய்ச்சிக் கிளை நிலையம் ஒன்றில் கிளாக்கராக இருந்தேன். புலமைப்பரிசில் என்றால் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். தலை நரைக்கத் தொடங்கி, சொந்த நாட்டில் பாதி உத்தியோகத்தையும் பார்த்து முடித்த விஞ்ஞானிகளைக் கப்பல் செலவு கொடுத்து அழைத்து, "வந்து எங்கள் தேயிலையை ஆராயுங்கள் ஐயா" என்று உபசரிக்கும் புலமைப்பரிசிலும் உண்டு என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. வெளிநாட்டு அனுபவசாலிகள் வந்தால் நோய் ஓடிப்போகும் என்று கொழும்பில் யாரோ நம்பியிருக்கிறார்கள். நோய் ஓடவில்லை. வந்தவர்கள்தான் ஓடினார்கள்.

ஒருவர் எல்ல என்ற ஊரில் வாடிவீட்டு விடுதியில் குந்திக்கொண்டு மலைப்பிளவைப் படம் வரைந்தே காலத்தை ஓட்டினார். இன்னொருவர் முதல் அட்டை கடித்த அன்றே கட்டிலில் ஏறியவர், கப்பல் வரும்வரை இறங்கவில்லை. இவர்களுக்கெல்லாம் மொழிபெயர்ப்பாளர், வழிகாட்டி, குடை பிடிக்கிறவர் எல்லாம் நான்தான். ஆகவே எங்கள் அலுவலகத் தலைவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டபோதே எனக்கு முழங்கால் நோகத் தொடங்கிவிட்டது.

"தம்பி, அடுத்தவர் வாறார். ஒல்லாந்துக்காரர். நீர்தான் ஸ்டேஷனுக்குப் போகவேணும்."

"சேர், போனவரே இன்னும் என்ர கனவில வாறார்."

"அதுக்கென்ன, இவரும் வரட்டும். போம், போம்."

பதுளை ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியவர் பனைமர உயரம் இருந்தார். செம்பட்டைத் தாடி. நான் கையை நீட்டினேன். அவர் என் கையைத் தாண்டிப் போய், ஸ்டேஷன் மாஸ்டர் ஆசையாக வளர்த்த ரோசாச் செடியில் ஓர் இலையைப் புரட்டிப் பார்த்து, "இது பிழைக்காது" என்றார். செடி பிழைக்கவில்லை. அதன் பிறகு எங்கள் நிலையத்துக்கு வந்த பார்சல் ஒன்றுகூட அந்த ஸ்டேஷனிலிருந்து நேரத்துக்கு வெளியே வரவில்லை.

அவர் ஆராய வந்தது கொப்புள நோயை. மழையும் பனியும் மூடிக்கிடக்கும் மாதங்களில் தேயிலையின் இளங்கொழுந்தில் சூடு பட்டதுபோல் கொப்புளம் கொப்புளமாய் எழும். அந்தக் கொழுந்து எதற்கும் உதவாது. துரை தம் ஊரில் பார்த்தது உருளைக்கிழங்கு நோய். தேயிலைச் செடியை அவர் வாழ்க்கையில் முதன்முதலாகக் கண்டதே ரயில் ஜன்னலால்தான். ஆனாலும் மனிதர் வந்த மறுநாளே மலையேறிவிட்டார். கொப்புளம் கண்ட இடமெல்லாம் குனிந்து, "எப்படி இருக்கீங்க?" என்று செடியைத் தமிழில் கேட்பார். தோட்டத்துச் சனம் அவருக்குக் கொப்புளத் தொரை என்று பெயர் வைக்க ஒரு வாரம்கூட ஆகவில்லை.

அந்தத் தமிழை அவர் கொழுந்தெடுக்கும் பெண்களிடம் படித்தார். ஆகையால் அவருக்கு நன்றாக வந்தது திட்டுகிற தமிழ்தான். பேனா எழுதாவிட்டால் "அட கெரகமே!" என்பார். மழை விடாவிட்டால் "நாசமாப் போக!" என்பார். ஒருமுறை பதுளை அரசாங்கக் கச்சேரியில் ஒரு பெரிய உத்தியோகத்தர் இவரை அதிக நேரம் காக்க வைத்துவிட்டார். துரை அவரைப் பார்த்து, "வந்து சேந்தியா மவராசா?" என்று அன்பாகக் கேட்டார். அங்கே நின்ற நான் சுவரோடு சுவராகிவிட்டேன்.

கம்பளிக் கதையும் அப்படித்தான். அவர் கொண்டுவந்த சீமை மழைக்கோட்டு உள்ளே வியர்த்து, வெளியே ஒழுகி, இரண்டு பக்கமும் நனைத்தது. பெண்கள் போர்த்தும் கம்பளியும் இடுப்புப் படங்கும் நனைக்கவில்லை. உடனே கோட்டை என்னிடம் தந்துவிட்டு, கம்பளிக்கும் படங்குக்கும் மாறிவிட்டார். தோட்டத்துப் பெரிய துரை, வெள்ளைக்காரர், ஒருநாள் ஜீப்பில் வந்தவர் பனிமூட்டத்துக்குள் ஓர் உருவம் சும்மா நிற்பதைக் கண்டு, "ஏய்! கொழுந்து எடுக்காம அங்கே என்ன பார்க்குது?" என்று கத்தினார். உருவம் திரும்பியது. கம்பளிக்குள்ளிருந்து தாடி வெளியே வந்து, "சும்மாதாங்க, நல்லா இருக்கீங்களா?" என்றது. பெரிய துரையின் ஜீப் அப்படியே நின்றுபோனது. அவர் அதன்பிறகு கொப்புளத் துரையோடு ஒரு மேசையில் தேநீர் குடித்ததில்லை.

தெமோதரைக்கு மேலே ஒரு சரிவை அவருக்குப் பரிசோதனைக்காக ஒதுக்கியிருந்தார்கள். அதைக் கயிறு கட்டி இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதிக்கு மயில்துத்தம் கலந்த மருந்து அடிப்பது. மற்றப் பாதிக்கு ஒன்றும் செய்யாமல் நோயோடு விடுவது. கடைசியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் மருந்தின் பலன் தெரிந்துவிடும். இவ்வளவுதான் விஷயம். இதை அங்கம்மாவுக்கு விளங்கவைக்க நான் பட்ட பாடு! அங்கம்மா அந்த மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி. குரல் அடுத்த மலைக்குக் கேட்கும்.

"ஏங்க கிளாக்கரையா, இந்தப் பக்கத்துச் செடி என்னாங்க பாவம் பண்ணிச்சு? அதுக்கு மட்டும் ஏன் மருந்து அடிக்கல?"

"அதை அப்பிடியே விட்டால்தான் அங்கம்மா, மருந்து வேலை செய்யுதோ எண்டு தெரியும்."

"ஒரு வீட்டுல ரெண்டு புள்ள. ஒண்ணுக்கு மருந்து, ஒண்ணு கெடந்து சாகட்டும்னா நல்லாவா இருக்கு? மருந்து வேலை செய்யும்னு தொரையே சொல்றாருல்ல?"

"சொல்லுறார்தான்."

"அப்பறம் என்னாங்க? அவரு சொன்னா நாங்க நம்பிட்டுப் போறோம்."

இதை நான் ஆங்கிலத்தில் சொன்னபோது துரை வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "இன்னொரு முறை சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். மருந்தடிக்காத பாதிக்குள் இறங்கிப் போய்விட்டார்.

அன்றைக்கு மழைக்கு ஒதுங்கி நின்றபோதுதான் அவர் கதை வெளியே வந்தது. ஊரில் அவரிடம் படித்தவனே இப்போது அவருக்கு மேலதிகாரியாம். இவர் கூட்டத்தில் பேச எழும்பினால் அவன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பானாம். புலமைப்பரிசில் முடிகிற காலம் நெருங்கிவிட்டது. கொழும்பிலிருந்து கமிட்டி வந்து சரிவைப் பார்த்துத் திருப்திப்பட்டால் இன்னும் இரண்டு வருடம் நீடிப்புக் கிடைக்கும், வேலையை முடிப்பார். இல்லாவிட்டால் உருளைக்கிழங்குக்கும் அந்தக் கைக்கடிகாரத்துக்கும் திரும்பிப் போக வேண்டும்.

"இந்த வயதில் இன்னொரு நாடு என்னைக் கூப்பிடாது" என்றார். என்னை அட்டை கடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் தட்டிவிடாமல் கேட்டுக்கொண்டு நின்றேன்.

துரை ஏன் ஒரு மாதிரி இருக்கிறார் என்று அங்கம்மா கேட்டாள். கமிட்டி வருகிறது, அவர்களுக்குப் பிடித்தால் இருப்பார், பிடிக்காவிட்டால் போய்விடுவார் என்று சொன்னேன். "அப்புடியா சங்கதி?" என்று மட்டும் சொன்னாள்.

தோட்டத்தில் ஒரு வழக்கம். பெரிய மனிதர் யாராவது பார்க்க வருகிறார் என்றால், அசிங்கமான எதுவும் அவர் கண்ணில் படக்கூடாது. பாதையோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு பூசுவார்கள். தண்ணீர் ஓடும் கான்களைத் தோண்டிச் சுத்தம் செய்வார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஆடுகளைக் காட்டுக்குள் விரட்டுவார்கள். இருமுகிற கிழவர்களைக் காம்பரா அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவார்கள். காலங்காலமாகப் காலைப் பெரட்டில் ஆளெண்ண நிற்க வைத்துப் பழக்கிய பழக்கம் அது. இந்த முறையும் சுண்ணாம்பு பூசினார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் திரிந்தேன். அதற்கு மேல் என் மூளைக்கு ஒன்றும் ஓடவில்லை.

கமிட்டிக்காரர் மூன்று பேரையும் பதுளை ஸ்டேஷனில் வரவேற்க, நானும் துரையும் முதல்நாள் மத்தியானமே போய்விட்டோம். மறுநாள் காலை எல்லோரையும் கூட்டிக்கொண்டு சரிவுக்கு ஏறினோம். எனக்கு மூச்சு வாங்கியது. துரை மட்டும் கலியாண மாப்பிள்ளைபோல் முன்னால் போனார். அன்றைக்குக் கம்பளி இல்லை, கழுத்துப்பட்டி.

மேலே போய்ப் பார்த்தால் மருந்தடித்த பாதியில் அங்கொன்றும் இங்கொன்றுமாய்க் கொப்புளம் இருந்தது. மருந்தடிக்காத பாதியில், நோயில் வெந்து கிடக்கவேண்டிய பாதியில், ஒரு கொப்புளம் இல்லை. துடைத்து வைத்ததுபோல் இருந்தது. கானுக்கு அந்தப் பக்கம் பெண்கள் எல்லாம் தலை சீவிப் பூ வைத்து வரிசையாய் நின்றார்கள். நடுவில் அங்கம்மா. முகமெல்லாம் பல்.

கங்காணி என் காதுக்குள் வந்து, "நேத்து நீங்க பதுளைக்குப் போனீங்கல்ல? கொழுந்து நிறுத்துட்டுப் பொம்பளைங்க பூரா இங்க எறங்கிட்டாங்க. நோவு புடிச்ச எலை ஒண்ணு விடாமக் கிள்ளிப்புட்டாங்க. தொரை மானத்தக் காப்பாத்தியாச்சுங்க!" என்றார்.

ஐயோ, எனக்கு அந்த மலையே காலுக்குக் கீழே வழுக்கியது.

கமிட்டித் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "டாக்டர், மருந்தடிக்காத பாதியல்லவா நன்றாக இருக்கிறது? உங்கள் அறிக்கையில் ஒன்று இருக்கிறது, செடியில் வேறொன்று இருக்கிறது. இதில் எதை நாங்கள் நம்புவது?"

துரை குனிந்து ஒரு செடியை விலக்கினார். நகம் பட்ட காம்புகளில் ஈரம் இன்னும் காயவில்லை. எத்தனையோ இலையைப் புரட்டிய மனிதர், அவருக்கு ஒரு நொடி போதும். நிமிர்ந்து பெண்களைப் பார்த்தார்.

கூட ஏறி வந்திருந்த பெரிய துரைக்கும் சந்தேகம் வந்துவிட்டது. "யாராவது இந்தச் செடியில் கை வைத்தார்களா? யாரென்று சொல்லுங்கள், இன்றைக்கே பத்துச்சீட்டுக் கொடுக்கிறேன்" என்றார். பத்துச்சீட்டுக் கையில் வந்தால் வேலையும் இல்லை, லயத்துக் காம்பராவும் இல்லை. குடும்பத்தோடு தெருவில்தான். ஆனால் அந்த நேரம் எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. ஒரு வார்த்தை உண்மையைச் சொன்னால் இந்த மனிதர் தப்பிவிடுவார் என்று மட்டும்தான் தோன்றியது. வாயைத் திறந்தேன்.

துரை என் காலை மிதித்தார். சும்மா மிதியல்ல. பனைமர உயரத்து மனிதர் ஆணி வைத்த பூட்ஸோடு, முழுப்பாரத்தையும் இறக்கி மிதித்தார்.

"யாரும் தொடவில்லை. என் பரிசோதனையில் எங்கோ பிழை. நான்தான் பொறுப்பு" என்றார் ஆங்கிலத்தில். பிறகு கானுக்கு அந்தப் பக்கம் திரும்பி, தமிழில், "ரொம்ப நல்லா இருக்கு அங்கம்மா" என்றார். பெண்கள் கை தட்டினார்கள். நான் ஒற்றைக் காலில் நின்றேன்.

நீடிப்புக் கிடைக்கவில்லை. கிடைக்குமா? கமிட்டிக்காரர் தேநீர்கூடக் குடிக்காமல் ரயில் ஏறினார்கள். அன்று பின்னேரம் எனக்கு வந்த கோபத்தில் துரை என்றும் பாராமல் கேட்டேன்: "உங்களுக்கென்ன பைத்தியமோ? உங்கள் வாழ்க்கையல்லவா போய்விட்டது?"

அவர் கழுத்துப்பட்டியை அவிழ்த்துக்கொண்டே, "பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள், பார்த்தீர்களா? என் கலியாணத்துக்குக்கூட யாரும் இவ்வளவு சந்தோசமாய் வரவில்லை" என்றார்.

அவர் புறப்பட்ட அன்று அங்கம்மாவும் இன்னும் சில பெண்களும் தெமோதரையிலிருந்து நடந்தே பதுளை ஸ்டேஷனுக்கு வந்தார்கள்.

"கமிட்டிக்காரங்க சந்தோசமாத்தான போனாங்க தொரை?"

"ரொம்ப சந்தோசம் அங்கம்மா."

"அப்பறம் ஏங்க போறீங்க?"

"ஊர்ல உருளைக்கெழங்குக்கு நோவு. நான் போவாட்டி செத்துரும்" என்றார். அவள் அதை நம்பினாள். அவர் சொன்னால் நம்புகிறவள்தானே. ரயில் நகர்ந்த பிறகு என்னிடம் மெல்லக் கேட்டாள்: "கிளாக்கரையா, அன்னைக்கு நாங்க செஞ்சதுனாலதான தொரைக்கு நல்ல பேரு?"

"ஓம் அங்கம்மா, உங்களாலதான்" என்றேன்.

பிறகு அதே மயில்துத்த மருந்தைத்தான் ஊவா மாகாணத் தோட்டமெல்லாம் அடித்தார்கள். அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. அடுத்த புலமைப்பரிசில் துரை வந்தார், அவருக்கும் குடை பிடித்தேன், அவரும் ஓடினார். அவர் மிதித்த கால் பெருவிரல் நகம் எனக்கு இன்னும் நேராக வளரவில்லை. மழைக்காலத்தில் நோகும். நோகும்போது "அட கெரகமே!" என்று என்னை அறியாமல் வாயில் வரும். யாழ்ப்பாணத்தான் வாயில் இது எப்படி வந்தது என்று வீட்டில் இன்னும் கேட்கிறார்கள்.

மார்கழி மழையில் பஸ்ஸில் தெமோதரைப் பக்கம் போகும்போது, கம்பளி போர்த்திக் கொழுந்தெடுக்கிறவர்களில் ஒருவர் கொஞ்சம் உயரமாய்த் தெரிந்தால் போதும், ஜன்னலால் தலையை நீட்டிப் பார்ப்பேன். அவர் இல்லை என்று தெரியும். என்றாலும் வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டே போவேன்.