முந்நூற்று அறுபது பவுண்டு குறைகிறது

மூன்றாவது தடவை கூட்டிப் பார்த்தபோதும் முந்நூற்று அறுபது பவுண்டு குறைந்தது.

நெவில் பேனாவை உதறிக்கொண்டு நாலாவது தடவை கூட்டினான். பேனாவின் மேல் தப்பில்லை. வெளிநாட்டு மனைவியை இங்கிலாந்துக்கு வரவழைக்க வேண்டுமென்றால் கணவனின் ஆண்டு வருமானம் இருபத்தொன்பதாயிரம் பவுண்டு இருக்க வேண்டும் என்பது சர்க்கார் விதி. ஓட்லி என்ற சிற்றூரில், பிஸ்கட் தொழிற்சாலையில் மாவு கலக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் நெவிலுக்கு வருவது இருபத்தெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது.

மனைவி ரௌஷன் கஜகஸ்தானில் அல்மாட்டி நகரத்தில் இருந்தாள். நெவில் அந்த நாட்டுக்குப் பூநாரை பார்க்கப் போனவன். ஏரிக்கரையில் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் தொலைநோக்கியைக் கொடுத்தான். அவள் அதைத் திருப்பிக் கொடுக்க மறந்தாள். மூன்று விடுமுறைகள் கழித்துக் கல்யாணம் நடந்தது. ஒன்றரை வருஷமாக அவள் அங்கே, இவன் இங்கே, நடுவில் ஒரு கைப்பேசி.

"மார்ச்சுல நௌரூஸ் வருது. புது வருஷச் சமையலை உன் வீட்டுலதான் செய்வேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்" என்றாள் ரௌஷன் அன்று சாயங்காலம்.

"நிச்சயமா" என்றான் நெவில்.

"ஏன் முகம் வாடியிருக்கு? பணம் ஏதாவது…"

"அங்கே வெயிலா?" என்று கேட்டான் நெவில், அவசரமாக.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மூலவியாதியைப் பற்றி பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு விலாவாரியாகப் பேசுவோம். சம்பளத்தைப் பற்றிப் பெற்ற தாயிடமும் பேச மாட்டோம். ரௌஷனின் ஊரில் அப்படியில்லை. பழகிய முதல் நாளே "உனக்கு மாசம் எவ்வளவு வருது?" என்று அவள் சாதாரணமாகக் கேட்க, நெவிலுக்கு டீ புரையேறி மூக்கு வழியாக வந்தது. அப்புறம் அவளை உட்கார்த்தி வைத்து, பணத்தைப் பற்றிக் கேட்பதும் சொல்வதும் எவ்வளவு பெரிய அநாகரிகம் என்று அரைமணி நேரம் எடுத்துச் சொன்னான். புத்திசாலிப் பெண், உடனே புரிந்துகொண்டாள். அதற்கப்புறம் யாருக்கு எவ்வளவு வருகிறது என்று அவள் கேட்டதுமில்லை, சொன்னதுமில்லை.

இருந்தாலும் நெவில் பொறுப்புள்ள கணவன். பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவளுக்கு அங்கே என்ன பெரிதாகக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று, மாதாமாதம் நாற்பது பவுண்டு கைச்செலவுக்கு அனுப்பிவந்தான். அவளும் ஒவ்வொரு மாதமும் தவறாமல் நன்றி சொன்னாள்.

மறுநாள் அந்தக் கூட்டல் தாளை அவன் உணவுக்கூட மேசையில் மறந்து வைத்துவிட்டான். அது டோரீன் கண்ணில் பட்டது. டோரீன் பாக்கிங் பிரிவுக்கு மேற்பார்வை. அறுபது வயது, இயந்திரச் சத்தத்தில் கத்திக் கத்தியே பழகிய தொண்டை.

"நெவில் ராசா! யாருக்குய்யா முந்நூத்தி அறுபது பவுண்டு குடுக்கணும்? குதிரைப் பந்தயமா?"

உணவுக்கூடத்தில் இருந்த நாற்பது பேரும் அவரவர் டீக் கோப்பைக்குள் பார்த்தார்கள். நெவில் தாளைப் பிடுங்கிக்கொண்டு, காது சிவக்க விஷயத்தைச் சொன்னான்.

"ப்பூ, இவ்வளவுதானா? போய் முதலாளிகிட்ட சம்பளத்தை ஏத்தச் சொல்லு. முப்பது பவுண்டு மாசத்துக்கு. அவரு நாய்க்குப் பிஸ்கட் வாங்குற காசு."

"எப்படிக் கேக்கறது?"

"வாயாலதான்."

முதலாளி சக்டன் நல்ல மனிதர். நெவிலை உட்காரச் சொல்லி டீயும் கொடுத்தார்.

"சொல்லு நெவில்."

"ஒண்ணுமில்ல சார். மழை நின்னுடுச்சு போல."

சக்டன் ஜன்னலைப் பார்த்தார். கொட்டிக்கொண்டிருந்தது. "நிக்கலையே."

"நின்னா நல்லாருக்கும்னு சொன்னேன்."

"அதுவும் சரிதான்."

இருவரும் கால்மணி நேரம் மழையைப் பார்த்தார்கள். ஏதோ கேட்க வந்திருக்கிறான் என்பது சக்டனுக்குப் புரிந்துவிட்டது. யோசித்துப் பார்த்து, "கிறிஸ்துமஸ் பரிசுச் சீட்டு விக்கற பொறுப்பை நீ எடுத்துக்கறேன்னு சொல்லத்தானே வந்தே? கூச்சப்படாம கேக்கலாமே" என்றார்.

நெவில் இருநூறு பரிசுச் சீட்டுகளோடு வெளியே வந்தான். அதில் அறுபதை அவனே வாங்க வேண்டியதாயிற்று.

"உன்னைக் கட்டிக்கிட்டவ பாவம்" என்றாள் டோரீன். "சரி விடு. ஓவர்டைம் பாரு. நான் பேரு எழுதிடறேன்."

எழுதினாள். தாராள மனசுக்காரி, எல்லா நாளும் எழுதிவிட்டாள். மூன்று வாரம் நெவில் காலை ஆறு மணிக்கு உள்ளே போய் ராத்திரி எட்டுக்கு வெளியே வந்தான். நாலாவது வாரம் செவ்வாய்க்கிழமை, கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவது எப்படி என்று அவன் உடம்பு கற்றுக்கொண்டது. சர்க்கரை மூட்டை இருக்க வேண்டிய இடத்தில் உப்பு மூட்டையைக் கவிழ்த்தான். ஒன்றல்ல, நாலு மூட்டை.

பன்னிரண்டாயிரம் கிரீம் பிஸ்கட் பாக்கெட் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆச்சரியம் என்னவென்றால் புகார் ஆறுதான் வந்தது. மற்றவர்கள் எல்லாம் மரியாதைக்காரர்கள், முழுங்கிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்கள். ஆனாலும் சக்டனுக்கு வேறு வழியில்லை. ஒரு வாரம் சம்பளமில்லாமல் நெவிலை வீட்டில் இருக்கச் சொன்னார், ஓவர்டைமையும் நிறுத்தினார்.

நெவில் புதிதாகக் கூட்டினான். இப்போது தொள்ளாயிரத்துப் பத்து குறைந்தது.

அன்றைக்கு ரௌஷன் கூப்பிட்டபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. சமையலறையில் ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு நாற்காலி இழுத்த சத்தம், எதிரே மேசைமேல் சாய்த்து வைத்த கைப்பேசிக்குள் மனைவி. இப்படியே கிழவனாகிவிடுவோமோ என்று பயந்தான்.

"நெவில், ஏதோ இருக்கு. சொல்லு. நான் உன் பொண்டாட்டி."

"ஒண்ணுமில்லம்மா. காகிதம் கொஞ்சம் மெதுவாப் போகுது."

"நான் ஏதாவது செய்யட்டுமா?"

"நீ இருக்கறதே போதும்" என்றான். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் அவனுடைய ஊர் வழக்கம் ஞாபகத்துக்கு வந்தவள்போல் மூடிக்கொண்டு, மழையைப் பற்றி விசாரித்தாள்.

அடுத்த சனிக்கிழமையே அவன் மீன் வறுவல் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். கடைக்காரர் கிரியாகோஸ் சைப்ரஸ்காரர். வாரக் கடைசியில் சம்பளமாகக் கையில் ரொக்கமும் ஒரு பொட்டலம் மீனும் கொடுத்தார்.

"ரொக்கம் வேணாங்க. பேங்க்ல போடுங்க, சம்பளச் சீட்டு குடுங்க. சர்க்காருக்குக் காட்டணும்" என்றான் நெவில்.

கிரியாகோஸ் கரண்டியைக் கீழே வைத்தார். "முப்பது வருஷமாக் கடை நடத்தறேன். சர்க்காருக்குக் காட்டணும்னு கேட்ட முதல் ஆள் நீதான்யா. உடம்பு சரியில்லையா?"

இருந்தாலும் சம்மதித்தார். ஐந்து வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. தொள்ளாயிரத்துப் பத்து கரைந்துகொண்டே வந்தது. உடம்பெல்லாம் எண்ணெய் நாற்றம் அடித்தாலும் நெவில் சீட்டியடித்துக்கொண்டு திரிந்தான். ஆறாவது சனிக்கிழமை வரிசையில் சக்டன் நின்றார்.

இருவர் கண்ணும் ஒரு நொடி சந்தித்தன. உடனே நெவில் உருளைக்கிழங்கையும் சக்டன் சுவரில் மாட்டியிருந்த விலைப்பட்டியலையும் பார்த்தார்கள்.

"மீன் ஒண்ணு, சிப்ஸ் ஒண்ணு" என்றார் சக்டன், விலைப்பட்டியலிடம்.

"வினிகர் போடவா?" என்றான் நெவில், உருளைக்கிழங்கிடம்.

"போடுங்க."

பதினோரு வருஷம் தினமும் பார்த்த முகங்கள். முன்பின் தெரியாதவர்களைப்போல் பிரிந்தார்கள். ஆனால் சக்டனுக்கு அன்று மீன் இறங்கவில்லை. தன்னிடம் வேலை செய்பவன் வாரக் கடைசியில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறான் என்றால் வீட்டில் என்ன கஷ்டமோ! நேரில் கேட்பது அவனுக்கு அவமானம். திங்கள்கிழமை நெவிலின் அலமாரியில் ஓர் உறை இருந்தது. துணை மேற்பார்வையாளர் பதவி, ஆண்டுக்கு முப்பத்தோராயிரம் பவுண்டு. ஒரே நிபந்தனை, வேறெங்கும் வேலை பார்க்கக் கூடாது.

நெவில் டோரீனைக் கட்டிப் பிடித்தான். கிரியாகோஸிடம் போய் வேலையை விட்டான். அவர் கண்கலங்கிப் பெரிய மீனாகப் பார்த்துக் கட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, அந்தப் பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குஷியாக விண்ணப்பத்தின் குறிப்புகளைக் கடைசிவரை படித்தான்.

கடைசியில்தான் அது இருந்தது. புதுச் சம்பளம் செல்லாது. அதே சம்பளத்தை ஆறு மாதம் தொடர்ந்து வாங்கியிருக்க வேண்டும். இது அக்டோபர். ஆறு மாதம் என்றால் ஏப்ரல். அதற்கப்புறம் விண்ணப்பம், அதற்கப்புறம் காத்திருப்பு. நௌரூஸ் மார்ச்சிலேயே முடிந்து போயிருக்கும். மீன்கடைச் சம்பளமும் இனி இல்லை.

"ஏன்டா இப்படி உக்காந்திருக்கே? பதவி குடுத்தா சிரிக்கணும்" என்றாள் டோரீன் மறுநாள். கதையைக் கேட்டதும் அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள். "யாராவது விவரம் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டியா?"

"முன்பின் தெரியாதவங்ககிட்ட போய் என் சம்பளத்தை எப்படி…"

"எந்திரி!"

வியாழக்கிழமைதோறும் ஊர் நூலகத்தில், சமையல் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இலவசமாக விசா ஆலோசனை சொல்பவர் திருமதி ஹெப்டன். ஓய்வு பெற்ற வக்கீல். டோரீன் நெவிலை அவர் முன்னால் நாற்காலியில் அழுத்தி உட்கார வைத்து, பக்கத்திலேயே நின்றுகொண்டாள். நெவில் தன் சம்பளத்தைச் சொல்லும்போது குரலே எழும்பவில்லை. திருமதி ஹெப்டன் அவன் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"வருமானம் இல்லாட்டா சேமிப்பைக் காட்டலாமே" என்றார். "எண்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு பவுண்டு. ஆறு மாசமா கணக்குல இருக்கணும், அவ்வளவுதான். இன்னைக்கே விண்ணப்பிக்கலாம்."

நெவில் முதல் முறையாக அன்று சிரித்தான். "என்கிட்ட பரிசுச் சீட்டு அறுபது இருக்கு."

"உங்க பேர்லதான் இருக்கணும்னு இல்ல. மனைவி பேர்ல இருந்தாலும் செல்லும்."

"அவ பாவம், ஒரு பல் ஆஸ்பத்திரில வேலை பாக்கறா மேடம்."

"என்ன சம்பளம்?"

"கேட்டதில்ல."

"சேமிப்பு ஏதாவது?"

நெவில் பதறிப்போனான். "கல்யாணமாகி ஒண்ணரை வருஷந்தான் மேடம் ஆகுது!"

திருமதி ஹெப்டன் தலையை ஆட்டினார். அவரும் இந்த ஊர்க்காரர்தானே, புரிந்தது. ஆனால் டோரீனுக்குப் பொறுமை போய்விட்டது. நெவிலின் கைப்பேசியைப் பிடுங்கி, ரௌஷன் பெயரைத் தேடி, அழுத்தி, மேசைமேல் வைத்தாள்.

திரையில் ஓர் இளைஞன் முகம் வந்தது. ரௌஷனின் தம்பி தௌலெத்.

"அத்தான்! நல்லாருக்கீங்களா? அக்கா உள்ள ஒருத்தருக்குப் பல்லு பிடுங்கிட்டிருக்கா."

"பல்லா? அவ எதுக்குப் பிடுங்கறா?"

"பின்ன யாரு பிடுங்குவா? டாக்டர் அவதானே!" தம்பி சிரித்தான். "என்ன விஷயம்னு சொல்லுங்க, உள்ள போய்க் கேட்டுட்டு வரேன்."

நெவில் வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான். சமையல் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் மரியாதையாக அடுத்த அலமாரிக்கு நகர்ந்தார்கள்.

"அது வந்து தம்பி… அங்கே மழையா?"

"தள்ளு!" என்று அவன் தோளைத் தள்ளிவிட்டு டோரீன் குனிந்தாள். "தம்பி ராசா, உங்க அக்கா கணக்குல எண்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு பவுண்டு ஆறு மாசமா இருந்தா, அவ நாளைக்கே விசாவுக்கு எழுதிப் போடலாமாம். இருக்கா இல்லையான்னு வெக்கப்படாம கேட்டுட்டு வா!"

நெவில் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். பாவப்பட்ட பெண்ணிடம் இல்லாததைக் கேட்டு, ஊர் முன்னால் அவமானப்படுத்திவிட்டோமே என்று அவனுக்கு உடம்பு கூசியது. கைப்பேசியில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ரௌஷனின் குரலும், அதற்கு மேல் வாயைத் திறந்து வைத்திருந்த யாரோ ஒருவரின் முனகலும் கேட்டன. தம்பி திரும்பி ஓடி வந்தான்.

"அத்தான், 'அவ்வளவுதானா?'ன்னு அக்கா கேக்கறா. அதுக்கு அவளோட சின்ன பேங்க் கணக்கே போதுமாம்."