வாயைத் திறங்க, பேசாதீங்க

"டாக்டர், நேத்து ராத்திரி அந்தத் தொடரை..." என்று ஆரம்பித்த பேங்க் மேனேஜரம்மாவின் வாய்க்குள் பல் டாக்டர் சட்டென்று சின்னக் கண்ணாடியை நுழைத்தார்.

"ஆ காட்டுங்க. இன்னும் பெரிசா."

"ஆஆ... ஓஓ..."

"பேசக்கூடாது." கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு பஞ்சுருண்டைகளை அடைத்தார்.

அந்த அம்மாள் வந்தது பல்லைக் காட்ட அல்ல. மகனுக்கு அப்பாயின்ட்மென்ட் கேட்க. வாயில் பஞ்சோடு பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு, கும்பிடு போட்டுவிட்டு ஓடினாள்.

டாக்டரைத் தப்புச் சொல்ல முடியாது. ஊரே கண்கொட்டாமல் பார்த்த கொலைத் தொடரின் கடைசிப் பகுதிக்குக் குறித்த தேதி முந்தின இரவு. மாளிகைப் பெரியவரைக் கொன்றது யார்? அவருடைய நாலு தம்பிகளில் ஒருவனா, வக்கீலா, வேறு யாராவதா? டாக்டர் பார்க்கவில்லை. அவர் மனைவி அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். இன்று சாயங்காலம் ரயிலில் வருகிறாள். சேர்ந்துதான் பார்ப்பது என்று பேச்சு. டிவிப் பெட்டி தானாகப் பதிந்துகொள்ள நேரம் குறித்து வைத்துவிட்டு, சபலம் தட்டிவிடப் போகிறதே என்று பொழுதோடு போர்வையை இழுத்து மூடிப் படுத்துவிட்டார் மனிதர்.

இதற்கு முந்தைய தொடரில் நடந்த கூத்து அப்படி. யாரோ ஒரு நோயாளி முடிவை உளறிவிட, டாக்டர் ஒன்றும் தெரியாதவர் போல் சோபாவில் வந்து உட்கார்ந்தார். மனைவி டிவியைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். உடனே அணைத்துவிட்டாள்.

"உங்க மூஞ்சி இருக்கே, அது நோட்டீஸ் போர்டு. போறவன் வர்றவன் எல்லாம் படிச்சுட்டுப் போகலாம். இன்னொரு தடவை இப்படி ஆச்சு, அப்புறம் நான் என் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு போன்ல பாத்துக்குவேன். நீங்க இந்த சோபாவுல கால் நீட்டிப் படுத்துக்கலாம்."

மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு அந்த வீட்டில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவது அந்த ஒரு மணி நேரம்தான். மற்றபடி அவருக்கு ஊரார் பல், அவளுக்கு ஆபீஸ் ஃபைல்.

போதாக்குறைக்கு டாக்டருக்கு ஒன்று பிடித்துவிட்டால் பேய் பிடித்த மாதிரிதான். விண்வெளித் தொடர் ஓடியபோது மொட்டை மாடிக்குத் தொலைநோக்கி வந்தது. சமையல் போட்டி ஓடியபோது வீடு முழுக்கக் கத்தி. இந்தக் கொலைத் தொடரில் ஒரு பல் டாக்டர் வருகிறார், மாளிகைக் குடும்பத்தின் நண்பர். மேல்நோக்கி முறுக்கிய மீசை, தங்க ஃபிரேம் கண்ணாடி, கழுத்தில் சின்னப் பட்டாம்பூச்சி டை. நம் டாக்டரும் மீசையை முறுக்கினார், கண்ணாடியை மாற்றினார், டையும் வாங்கிவிட்டார்.

"பல் டாக்டரை ஒரு மனுஷனா காட்டின ஒரே தொடர் இதுதான். தங்கமான ஆளு."

"தங்கப்பல் ஆளு," என்பாள் மனைவி.

மேனேஜரம்மா போனதும் நர்ஸ் கிட்டே வந்தாள்.

"டாக்டர், ஒண்ணு சொல்லணும்."

"தொடரைப் பத்தியா?"

"ஆமா, ஆனா..."

"வேண்டாம் சிஸ்டர்."

"இல்ல டாக்டர், அது வந்து..."

"மாஸ்க்கைப் போடுங்க."

போட்டாள். மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்களும் சொல்லத் துடித்தன.

"கண்ணும் பேசுது. அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

முதுகைக் காட்டிக்கொண்டு கருவிகளை எடுத்துக் கொடுத்தாள். கண்ணாடி கேட்டால் இடுக்கி வந்தது, இடுக்கி கேட்டால் நர்ஸின் பேனா வந்தது.

வெளியே காத்திருக்கும் கூடத்திலும் அதே பேச்சு. டாக்டர் டிவி ஒயரைப் பிடுங்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். 'அமைதி' என்று பலகை மாட்டினார். காத்திருந்தவர்கள் கிசுகிசுத்தார்கள். கத்துவதைவிடக் கிசுகிசுப்பதுதான் காதில் நன்றாக விழுகிறது. வேறு வழியில்லாமல் தன் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டார்.

அப்போது பார்த்துத் தையல்காரர் வந்து நாற்காலியில் சாய்ந்தார். ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் அளவெடுக்கிற சாக்கில் தெரிந்துகொண்டு, நாலு பேருக்குச் சொல்லாமல் சோறு இறங்காத மனிதர். நல்ல மனிதர்தான்.

"வலது பக்கம் கீழ்க் கடைவாய் டாக்டர். அப்புறம், நேத்து தொடரை..."

உதடு அசைவதைப் பார்த்ததும் டாக்டர் அவசரமாக ஊசியைப் போட்டார். இடது பக்கத்தில்.

தையல்காரர் கையைக் காலை உதறினார். நர்ஸ் திரும்பிப் பார்த்துவிட்டு ஒரு தாளில் பெரிதாக 'வலது பக்கம்' என்று எழுதி நீட்டினாள். டாக்டர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

"எழுதிக் காட்டினாலும் சொன்ன மாதிரிதான்!" என்று தாளை வாங்கி நாலாகக் கிழித்தார்.

தையல்காரர் வலது கன்னத்தைப் பட்பட்டென்று தட்டிக் காட்டிய பிறகுதான் விளங்கியது. அந்தப் பக்கமும் ஒரு ஊசி. இப்போது மூக்குக்குக் கீழே தையல்காரருக்குச் சொந்தமாக ஒன்றும் இல்லை. நாக்கு ஊறவைத்த துணி மாதிரி கிடந்தது.

சொத்தையை அடைத்து முடித்ததும், "அப்பாடா" என்று டாக்டர் காதுப் பஞ்சை எடுத்தார். தையல்காரர் விடுவதாக இல்லை. கூடத்து டிவியைச் சுட்டினார். இரண்டு கைகளையும் குறுக்கே வைத்துக் காட்டினார். நாலு விரலை நீட்டினார். கடைசியாக மணிக்கட்டைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

டாக்டருக்கு உயிரே போய்விட்டது. கதை முடிந்தது, நாலு பேர், கையில் விலங்கு.

"நாலு தம்பிகளும் சேர்ந்தா!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். தையல்காரர் 'இல்லை, இல்லை' என்று தலையை ஆட்டியதை அவர் பார்க்கவேயில்லை.

அதற்குப் பிறகு வேலை ஓடுமா? இடைவெளி கிடைத்தபோதெல்லாம் கண்ணாடி முன் நின்று ஒன்றும் தெரியாத முகம் வைத்துப் பார்த்தார்.

"டாக்டர், வயித்தைக் கலக்குதா?" என்றாள் நர்ஸ்.

"ஏன்?"

"மூஞ்சி அப்படி இருக்கு."

மூன்றே முக்கால் மணி வாக்கில், "ஒரு மணி நேரம் வெளிய போய்ட்டு வரட்டுமா டாக்டர்?" என்று கேட்டாள். ஒரு வாய் குறைகிறதே என்று சந்தோஷமாக அனுப்பிவைத்தார். கூடமும் தானாகவே காலியாகிவிட்டது. அந்த அமைதியில்தான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. ஊசியை எடுத்துத் தன் கன்னத்திலேயே இரண்டு பக்கமும் போட்டுக்கொண்டார். மரத்துப்போன முகத்தில் எவள் வந்து என்னத்தைப் படிப்பாள்?

திரும்பி வந்த நர்ஸ் வாசற்படியிலேயே "ஐயோ!" என்று நின்றுவிட்டாள்.

"டாக்டர், அந்த மீசையை எடுத்துடுங்களேன்."

"ழொறாமை," என்றார் டாக்டர். உதடு ஒத்துழைக்கவில்லை.

சாயங்காலம் ஒரே ஒரு அம்மாள் தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முறுக்கு மீசை, தங்கக் கண்ணாடி, ஒரு பக்கம் சரிந்த சிரிப்பு, கையில் ஊசி. மேலும் கீழும் பார்த்தாள்.

"வலி போயிடுச்சு டாக்டர். சத்தியமா போயிடுச்சு," என்றவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

நல்லதாகப் போயிற்று என்று டாக்டர் கடையைக் கட்டினார்.

வீட்டில் மனைவி பெட்டியைக்கூடப் பிரிக்காமல் சோபாவில் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"ரயில்ல எதிர் சீட்டுக்காரங்க தொடர்னு வாயைத் திறந்தாங்க. எழுந்து போயிட்டேன். வழி பூரா கதவு ஓரமா நின்னுக்கிட்டே வந்தேங்க. கால் பாருங்க, வீங்கிப் போச்சு. சரி, போடுங்க, போடுங்க..." என்றவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஐயய்யோ! என்னங்க ஆச்சு மூஞ்சிக்கு? ஒரு பக்கம் இழுத்துக்கிச்சா? ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா?"

"ஒழ்ணும் இல்ல. ஊசி. நாழே ழோட்டுக்கிட்டேன்."

"நீங்களேவா? எதுக்கு?"

"மூஞ்சி தெரியக்கூடாழுன்னு."

"என்ன தெரியக்கூடாதுன்னு?"

டாக்டர் தரையைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தாள். மரத்த முகமானாலும் நோட்டீஸ் போர்டு நோட்டீஸ் போர்டுதான்.

"தெரிஞ்சுபோச்சு உங்களுக்கு."

"நான் கேக்கழை. அவரு கையால காட்டிட்டாரு. நாழு தம்பியும் சேர்ந்து..."

"எனக்கும் சொல்லிட்டீங்களா!" அவள் எழுந்தாள். வீங்கிய காலோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் அறைப் பக்கம் நடந்தாள். டாக்டர் காலி சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். மேசைமேல் அவருடைய போன் அடித்தது. எடுத்துப் பேச அவருக்கு வாயில்லை. அடித்துக்கொண்டே இருக்கவும், அறை வாசல் வரை போனவள் எரிச்சலோடு திரும்பி வந்து ஸ்பீக்கரை அமுக்கினாள்.

"டாக்டர், இப்பத்தான் நாக்கு திரும்பி வந்துச்சு," என்றது தையல்காரரின் குரல். "மேட்ச் இழுத்துக்கிட்டே போனதுல நேத்து தொடரைப் போடவே இல்ல, இன்னைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குப் போடுறாங்க, பதிஞ்சு வெச்சுக்கோங்கன்னுதான் காலையில அவ்வளவு தூரம் காட்டினேன், விட்டுப்போச்சுன்னாலும் கவலையே படாதீங்க, நான் பாத்துட்டேன், கொன்னது உங்க ஆளுதான் டாக்டர், அந்த மீசைக்காரப் பல் டாக்டரு!"