நேர்காணலுக்கு ஒரு பழைய டி-ஷர்ட்

ஒருவர் என்ன வேலை பார்க்கிறார் என்பதை அவருடைய சட்டையை வைத்தே சொல்லிவிடலாம் என்று நீண்ட காலம் நம்பியிருந்தேன். நாளிதழ் நிருபராக இருந்தபோது அது பெரும்பாலும் பலித்தது. சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருந்தால் அரசு அலுவலர். வெள்ளைச் சட்டையின் பையில் தலைவர் படம் தெரிந்தால் கட்சிக்காரர். பிறகு காலம் குழப்ப ஆரம்பித்தது. போளூரில் டை கட்டியிருந்த ஒருவரை வங்கி மேலாளர் என்று நினைத்து வணக்கம் வைத்தேன். அவர் செல்போன் கடையில் உறை விற்பவர். பக்கத்தில் டி-ஷர்ட்டோடு நின்று வடை தின்றுகொண்டிருந்தவர்தான் மேலாளர். கல்யாண மண்டபங்களில் கோட்டு போட்டவர்கள் சாம்பார் ஊற்றினார்கள். (மாப்பிள்ளையும் கோட்டுதான். கையில் வாளி இருக்குதான்னு பாத்துட்டுத்தான் கை குலுக்கணும்.)

இந்த மாற்றத்தை என்னளவு நுணுக்கமாகக் கவனித்தவர் எங்கள் வட்டாரத்தில் வேறு யாரும் இல்லை. அதனால்தான் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் நாளிதழ் மாவட்டப் பதிப்பை மூடிவிட்டது. பல மாதங்கள் வீட்டிலேயே இருந்தேன். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. சென்னைக்குப் போய் மறுபடி முதலிலிருந்து தொடங்கும் தெம்பு இல்லை. அப்போதுதான் ஜவ்வாது மலையில் சாமையும் புளியும் விற்கும் உழவர் நிறுவனம் ஒன்று விளம்பர வேலைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுவதாகத் தெரிந்தது. ஊரைவிட்டுப் போகாமல் எனக்குக் கிடைக்கக்கூடிய ஒரே எழுத்து வேலை அது. விண்ணப்பித்தேன். வரச் சொன்னார்கள்.

அவர்கள் இணையத்தில் போட்டிருந்த வீடியோக்களை எல்லாம் உட்கார்ந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் தாடி வைத்த ஓர் இளைஞர் வந்தார். அவர்தான் மேலாளர். சாயம் போன டி-ஷர்ட், அரைக்கால் சட்டை, தொப்பி, ரப்பர் செருப்பு. மூட்டை மேல் உட்கார்ந்து மடிக்கணினியைத் தட்டினார். முடிவு கண் முன்னே இருந்தது. நேர்காணல் அன்று, பெயின்ட் கறை பட்ட டி-ஷர்ட்டையும் முட்டி வெளுத்த டிராக் பேன்ட்டையும் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

ஆரணிக்காரியான என் மனைவி வாசுகி வாசலை மறித்தாள்.

"இன்னாங்க இது? தண்ணி லாரி பின்னாடி ஓடப்போற மாதிரி கெளம்பிட்டீங்க?"

"உனக்குத் தெரியாது. இப்பல்லாம் இதுதான் ஆபீஸ் டிரஸ்."

"இன்னாமோ போங்க. திரும்பி வரும்போது யாரும் எட்டணா போடாம இருந்தா சரி."

மலை பஸ்ஸிலிருந்து இறங்கி நிறுவனத்தின் கிடங்கைக் கண்டுபிடித்தேன். வாசலில் ஒரு லாரி நிறையப் புளி மூட்டைகள். தலையில் துண்டு கட்டிய ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சுமை தூக்குபவர்களின் மேஸ்திரி சாமிக்கண்ணு அவர்.

"இன்னாயா இவ்ளோ லேட்டு? கீழேர்ந்து ஒரு ஆளு வருதுன்னு சொன்னாங்க. நீதானா?"

"ஆமாங்க, போளூர்லேர்ந்து வர்றேன்."

"பைய அந்த ஆணில மாட்டு. வந்து மூட்டையப் புடி."

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டிருப்பார்கள். எனக்கோ புல்லரித்தது. புதுக்காலத்து நிறுவனங்கள் ஆளுக்குத் தெரியாமல் அவன் பணிவைச் சோதிக்கும் என்று ஒரு கட்டுரை படித்திருந்தேன். (படிச்சது மட்டுமா, நானே மொழிபெயர்த்து ஞாயிறு இணைப்பில் போட்டேன்.) இதுதான் அந்தச் சோதனை என்று முடிவு கட்டி, சிரித்த முகத்தோடு முதுகைக் கொடுத்தேன்.

புளி மூட்டை சும்மா கனக்காது. ஒட்டிக்கொண்டு கனக்கும். நான்காவது நடையில் கால் பின்னியது. ஆனாலும் ஆர்வத்தைக் காட்ட வேண்டுமே என்று மேஸ்திரியிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"அஞ்சு வருசம் கழிச்சு இந்த நிறுவனம் எங்க இருக்கும்னு நெனைக்கிறீங்க?"

"இங்கதான் இருக்கும். எங்க போவுது? நீ கீழ போடாம தூக்கு."

"இந்த வேலைல உங்களுக்குச் சவாலா தோணறது எது?"

"இப்பவா? நீதான்."

கிடங்கை ஒட்டிய அலுவலகத்தின் வராந்தாவில் பட்டுச்சேலை கட்டிய பெண்களும் வெள்ளை வேட்டி கட்டிய ஆண்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்புகிறார்கள் போல என்று நினைத்தேன். அவர்களுக்கு நடுவே, மழுங்கச் சிரைத்த முகமும் எண்ணெய் வழியும் தலையுமாக, கறுப்புக் கோட்டில் ஓர் இளைஞன் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் போட்டியாக வந்தவன் என்று புரிந்தது. பாவமாக இருந்தது. மூட்டையை இறக்கிவிட்டு அவனருகே போனேன்.

"தம்பி, கோட்டெல்லாம் பழைய காலம். இங்க அதப் பாத்தா சிரிப்பாங்க. கழட்டி வெச்சிட்டு வந்து ரெண்டு மூட்ட தூக்குங்க, நல்ல பேரு கெடைக்கும்."

அவன் திகைத்தான். "இல்லண்ணா, நான் ஒருத்தருக்காகக் காத்திருக்கேன். பேப்பர்ல வேல பாத்தவரு, போளூர்லேர்ந்து வரணும். ரொம்ப நேரமா ஆளக் காணோம். வழியில யாராச்சும் ஆபீசர் மாதிரி நின்னாங்களா?"

"அப்படி யாரையும் பாக்கலியே" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் செல்போனை எடுத்து அழைத்தான். ஆணியில் தொங்கிய என் பை பாட ஆரம்பித்தது.

வராந்தா முழுவதும் பையைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. புளி நார் என் புருவத்திலிருந்து தொங்கியது.

நிறுவனத்தின் தலைவர் மல்லிகா எழுந்தார். வரிசையில் இருந்த மற்றவர்களைப் போலவே மலையில் சாமை பயிரிடுபவர். "நீங்கதான் இன்டர்வியூவுக்கு வந்தவருங்களா?"

தலையாட்டினேன். வீடியோ, டி-ஷர்ட், அரைக்கால் சட்டை என்று ஏதோ உளறினேன்.

"அது வீடியோவுக்குங்க" என்றான் கோட்டு இளைஞன். அவன்தான் மேலாளர். "சென்னையில வாங்கறவங்களுக்கு அப்படி இருந்தாத்தான் புடிக்குது. இன்னிக்கு நீங்க வர்றீங்கன்னு தாடிய எடுக்க வெச்சிட்டாங்க." அவன் திரும்பியபோது கோட்டின் முதுகில் துணி உலர்த்தும் கிளிப் தெரிந்தது. ஆலங்காயத்தில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் ஸ்டூடியோவிலிருந்து இரவல் வாங்கிய கோட்டு.

மல்லிகாவுக்குக் கோபம் தணியவில்லை. "களை எடுக்கறப்ப நாங்களுந்தான் கிழிஞ்சத கட்டறோம். ஒரு மனுசன் பாக்க வர்றாருன்னா இப்டியா? இந்தச் சேலய பொட்டிலேர்ந்து எடுத்ததே உங்களுக்காகத்தாங்க. எங்களுக்கு இது போதும்னு நெனச்சீங்களா?"

புருவத்தில் தொங்கிய புளி நாரைப் பிய்த்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு பைக் வந்து நின்றது. தேய்த்த சட்டை, பேன்ட், பளபளக்கும் ஷூவோடு ஒருவர் இறங்கினார். சட்டையைக் கவனமாகக் கழற்றி என் பைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார், லுங்கிக்கு மாறினார், மூட்டையைத் தூக்கினார். மேஸ்திரி எதிர்பார்த்த, கீழேயிருந்து வரவேண்டிய ஆள் அவர்தான். வராந்தா இன்னொரு முறை என்னைப் பார்த்தது.

வேலை போய்விட்டது என்று பையை எடுக்கப் போனேன். வீட்டில் என்ன சொல்வது என்பதுதான் மனதில் ஓடியது. மேஸ்திரி குறுக்கே வந்தார்.

"யம்மா, திட்றத சீக்கிரம் முடிங்க. லாரி நிக்குது, இந்த ஆளும் வேணும்."

மல்லிகாவின் முகம் லேசாக மாறியது. "ஆளு எப்படி, மேஸ்திரி?"

சாமிக்கண்ணு என்னை இன்னொரு முறை அளந்தார். "ஆளு பரவால்ல. பேச்சுதான் ஜாஸ்தி."

மேலாளர் கோட்டுக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னான்: "அக்கா, நமக்கு வேண்டியது அதானே?"

வராந்தா முழுவதும் சிரித்தது. மறுநாள் மனுசர் மாதிரி வரச் சொல்லி அனுப்பினார் மல்லிகா. (அதுக்கு முன்னாடி லாரி காலியாவற வரைக்கும் தூக்கிட்டுத்தான் வந்தேன்.)

அந்த வேலையில்தான் இன்றும் இருக்கிறேன். புதிதாக யார் அலுவலகத்துக்கு வந்தாலும், என்னை வேலைக்கு எடுத்தது தான்தான் என்று மேஸ்திரி அறிமுகம் செய்துகொள்கிறார். அவருடைய தீர்ப்பு மலை இறங்கி எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் நான் எதையாவது விளக்க ஆரம்பித்தால் வாசுகி அதை அப்படியே ஒப்பிப்பாள். முழுவதையும் அல்ல, பின்பாதியை மட்டும்.