ஹார்லன் மச்சானின் ஷெட் முடியக் கூடாது

அரிசோனா வெயிலில் சொகுசாகக் காய்ந்துகொண்டிருக்கும் வெர்னா அக்காவுக்கு, நெப்ராஸ்காக் காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நடமாடும் உங்கள் தங்கை புருஷன் டுவேன் எழுதுவது. அக்காவின் முழங்கால் தேவலையா? புது மாத்திரை ஒத்துக்கொண்டதா? பூனை ஒழுங்காகச் சாப்பிடுகிறதா? நான் இங்கே நலம். உங்கள் தம்பி ஹார்லனையும் நலம் என்று எழுதிவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. ஈரலில் இருந்த புற்று நுரையீரலுக்கும் வந்துவிட்டது. மூக்கில் எந்நேரமும் ஆக்ஸிஜன் குழாய். டாக்டர் பையன் முன்பெல்லாம் மாதக் கணக்கில் பேசினான், அப்புறம் வாரக் கணக்கில் பேசினான், இப்போது தரையைப் பார்த்துப் பேசுகிறான்.

உங்கள் கடிதம் கிடைத்தது. டிரங்குப் பெட்டியைக் கிளறியபோது மச்சானின் பழைய மெக்கானிக் ஷெட்டின் உட்புறம் மூலை முடுக்கெல்லாம் தெரிகிற மாதிரி ஒரு ஃபோட்டோ அகப்பட்டது என்றும், நான் செய்துகொண்டிருக்கும் பொம்மை ஷெட்டுக்கு அது உதவும், தபாலில் அனுப்பட்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அக்கா, உங்கள் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன், அதை அனுப்பாதீர்கள். காரணத்தைச் சொன்னால் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்பீர்கள். சொல்லாவிட்டால் நாளைக்கே தபாலில் போட்டுவிடுவீர்கள். அதனால் சொல்லிவிடுகிறேன்.

ஆகஸ்டில் மச்சான் இந்த முதியோர் இல்லத்துக்கு வந்து படுத்த அன்றே என்னைக் கூப்பிட்டார். “மாப்ள, நீதான் சின்னச் சின்னதா வீடு, ஸ்டேஷன்லாம் செய்யறியே, என் ஷெட்டைச் செஞ்சு குடு. போறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்” என்றார். சாகக் கிடக்கிறவர் கேட்டால் மாட்டேன் என்று எவன் சொல்வான்? அதுவும் இத்தனை வருஷ உறவில் அவர் என்னிடம் எதையும் கேட்டதே இல்லை. கேட்டதெல்லாம் நான் கடன் வாங்கிய ஸ்குரூடிரைவரைத் திருப்பிக் கேட்டதுதான். உங்கள் தங்கை ஆர்லீன் போனபிறகு நான் எதிலும் கை வைக்காமல் இருந்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் பெட்டியைத் திறந்தேன். தூசியைத் தட்டினேன்.

வியாழக்கிழமைதோறும் சர்ச்சின் அடித்தளத்தில் கூடுகிற, பொம்மை வீடு செய்கிற எங்கள் கூட்டத்துக்குச் சில விதிகள் உண்டு. எதுவும் புதுசாகத் தெரிந்தால் கேவலம். ஒரு சாமானைச் செய்ய ஒரு நாள் என்றால் அதை அழுக்காக்க ஒரு வாரம். எஃகு நாரை வினிகரில் ஊறப்போட்டு அந்தத் தண்ணீரைப் பூசினால், நேற்று அறுத்த பலகை உங்கள் தாத்தா காலத்துப் பலகையாகிவிடும். கரிப்பொடியை விரலால் தேய்த்தால் கிரீஸ். இதெல்லாம் நல்ல விதிகள். இன்னொன்றுதான் என்னை இந்தப் பாடு படுத்துகிறது. நிஜமாக இருந்த ஒரு இடத்தைச் செய்தால், அங்கே வேலை பார்த்தவர் ஒருவர் பார்த்து “சரி” என்று சொல்லும்வரை கூரையை ஒட்டக் கூடாது. சொல்லிவிட்டால் ஒட்டியே ஆகவேண்டும். ஒட்டியபின் ஒரு ஆணியைக்கூட நகர்த்தக் கூடாது. வேலை முடிந்தது என்று அர்த்தம்.

கூரையை ஒட்டாமல் வைத்திருப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். முதல் தடவை ஷெட்டைப் பிக்அப் வண்டியின் பின்னால் வைத்து, மேலே போர்வையைப் போர்த்தி, இங்கே கொண்டுவரும்போது சோயா வயல் பக்கம் ஒரு காற்று அடித்தது பாருங்கள், போர்வை ஒரு பக்கம் போக, கூரை ஒரு பக்கம் பறந்து வயலுக்குள் இறங்கியது, அங்கே அறுவடை மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த புண்ணியவான் நான் கையை ஆட்டுவதைப் பார்த்து அவனும் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டு அதன் மேலேயே ஓட்டிக்கொண்டு போனான். சரி, தொலையட்டும் என்று இரண்டாவது கூரை செய்தேன். அதற்குத் துருவேற்ற வினிகர் பாட்டிலை மச்சானின் ஜன்னலோரம் வைத்திருந்தேன், அடுத்த அறைப் பெரியவர் அதை ஐஸ் டீ என்று நினைத்து ஒரு மடக்கு குடித்துவிட்டார், இல்லமே அல்லோலகல்லோலப்பட்டது, என்னை ஆபீஸில் நிற்க வைத்து விசாரித்தார்கள், மறுநாள் காலையில் அந்தப் பெரியவர் ரொம்ப நாளைக்கப்புறம் வயிறு சுத்தமாச்சு என்று சொல்லி டம்ளரோடு வந்து நிற்கிறார். அப்புறம் பசை. ஆக்ஸிஜன் ஓடுகிற அறையில் தீப்பிடிக்கிற பசை டியூபைத் திறந்தேன் என்று நர்ஸ் கோனி இருந்த டியூபையெல்லாம் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, “இவருக்குப் போற வழி தெரியும், நீங்க குறுக்குவழி காட்ட வேணாம்” என்றாள். அன்றிலிருந்து ஒட்டுகிற வேலையெல்லாம் வெளி வராந்தாவில்தான். குளிரில் பசையும் காய மாட்டேன் என்கிறது, விரலும் பிரிய மாட்டேன் என்கிறது. ஒரு நாள் பொம்மை டயர் ஒன்றோடு கட்டைவிரல் ஒட்டிக்கொண்டு அப்படியே ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். அக்டோபர் கடைசியில் ஒரு நாள் எல்லாம் தயாராகிவிட்டது. கார்களுக்கு அடியில் நின்று வேலை பார்க்கிற குழி, பெஞ்சு முனையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ், டயர் குவியல், பாசிமணியில் செய்த பல்பு, பீப்பாயை அறுத்துச் செய்த அடுப்பு. மச்சான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “ம். சரியாத்தான் இருக்கு” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கூரையைத் தூக்கிக்கொண்டு பசை போட வராந்தாவுக்கு ஓடினேன். குளிரில் பசை இளகவில்லை, அதை அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால் மச்சான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். சூப் வேண்டாமாம். சனிக்கிழமை ஃபுட்பால் வேண்டாமாம். அன்று சாயங்காலமே மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. கோனி பாதிரியாருக்குப் போன் போட்டாள். அவர் வந்து நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபம் சொன்னார். நான் கூரையைக் கையில் பிடித்துக்கொண்டு மூலையில் நின்றேன். அழுதேன், அக்கா. அறுபது தாண்டியவன் வெட்கமில்லாமல் அழுதேன். இவரும் போய்விட்டால் இந்த ஊரில் என்னைத் திட்டுவதற்கு யார் இருக்கிறார்கள்?

பாதிரியார் கிளம்பும்போது அவருடைய அங்கி பட்டு வைஸ் கீழே விழுந்துவிட்டது. நான் பார்க்காமலே எடுத்து எங்கேயோ வைத்தேன். விடிந்ததும் மச்சான் ஒரு கண்ணைத் திறந்தார். ஷெட்டைப் பார்த்தார். இன்னொரு கண்ணையும் திறந்தார். “எந்த மடையன்டா வைஸை அடுப்புக்குப் பக்கத்துல வச்சது? பிடிச்சா கை வெந்துபோகாது?” என்றார். கோனி கொடுத்த சூப்பில் பாதியைக் குடித்துக்கொண்டே என்னைத் திட்டினார், மீதியைக் குடித்துக்கொண்டே என் பரம்பரையைத் திட்டினார். அந்த வாரம் பாதிரியார் மறுபடியும் எண்ணெயோடு வந்தபோது மச்சான், “என்ன சாமி, மூவாயிரம் மைலுக்கு ஒரு தடவதானே ஆயில் மாத்தணும், இப்பத்தானே மாத்துனீங்க” என்றார்.

எனக்கு அன்று புரிந்துபோயிற்று. ஷெட்டில் தப்பு இருக்கிறவரை மச்சானுக்கு இங்கே வேலை இருக்கிறது. அது சரியாகிவிட்டால் அவர் கிளம்பிவிடுவார். அன்றுமுதல் தினம் ஒரு தப்பு செய்கிறேன். சாதாரணத் தப்பு செய்தால் அவர் கண்டுபிடித்துவிடுவாரே, அதனால் கிடந்து யோசிக்கிறேன். காலையில் எழுந்து ஷேவ் பண்ணும்போதே இன்றைக்கு என்ன தப்பு என்றுதான் புத்தி போகிறது. குழியின் படியை மறுபக்கம் வைக்கிறேன். ஸ்பேனர்களை அளவு மாற்றித் தொங்கவிடுகிறேன். பெஞ்சுக்கு ஒரு கால் கூடுதலாகக் கொடுத்தேன், அதற்கு மட்டும் இரண்டு நாள் திட்டினார், அந்த இரண்டு நாளும் முகத்தில் ரத்தம் ஓடியது. நடுநடுவே நான் வைக்காத தப்பையும் கண்டுபிடிக்கிறார். திங்கட்கிழமை கதவு இடப்பக்கம் என்கிறார், புதன்கிழமை வலப்பக்கம் என்கிறார். மருந்தின் வேலை, கண்டுகொள்ளாதீர்கள் என்றாள் கோனி. நானும் சுவரைப் பெயர்த்து மாற்றி வைக்கிறேன். வராந்தாவில் நான் ஒட்டி ஒட்டிப் பிரித்த சுவர்கள் ஒரு தெருவுக்கே போதும்.

இப்போது சொல்லுங்கள். அந்த ஃபோட்டோ வந்தால் என்ன ஆகும்? கதவு எங்கே, வைஸ் எங்கே என்று ஒரு நொடியில் தீர்ந்துபோகும். பார்த்துவிட்டு “சரி” என்பார். நான் கூரையை ஒட்டவேண்டும். எங்கள் விதியை மீறக் கூடாதா என்று கேட்காதீர்கள், மீறினால் முதலில் மச்சானுக்குத்தான் சந்தேகம் வரும். ஆகவே இந்த மாதக் கடைசியில் தாங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வரும்போதும் அதைக் கொண்டுவர வேண்டாம். மச்சான் போனில் ஏதாவது கேட்டால் ஞாபகம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் பொய் சொல்லாதவர் என்று எனக்குத் தெரியும். எனக்காக ஒரு பொய் சொல்லுங்கள், பாவத்தை என் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.

எழுத எழுத நீண்டுவிட்டது. மச்சான் அசந்து தூங்குகிறார். சர்ச் பெண்கள் இன்று பிளம் பழக் கோலாச்சி சுட்டு விற்கிறார்கள், ஒன்று வாங்கிவந்தால் அவர் நடுவில் இருக்கிற ஜாமை மட்டும் நக்குவார், ரொட்டியை நான் தின்பேன். கடிதத்தை உறைக்குள் வைத்து ஒட்டாமல் மேஜையில் விட்டுப் போகிறேன். ஸ்டாம்பு கோனியிடம் இருக்கிறது, அவள் போட்டுவிடுவாள். கர்த்தர் உங்கள் முழங்காலையும் பூனையையும் காப்பாற்றட்டும். எங்களுக்காகவும் ஒரு வார்த்தை ஜெபியுங்கள்.

என்றும் உங்கள் அன்புள்ள,
டுவேன்

பின்குறிப்பு: அக்கா, நான் ஹார்லன். தூங்கல. இவன் உதட்ட அசைச்சுக்கிட்டேதான் எழுதறான், பாதி அப்பவே காதுல விழுந்துடுச்சு. மீதிய கோனி படிச்சுக் காட்டினா. இதையும் நான் சொல்லச் சொல்ல அவதான் எழுதறா. எழுத்து கோணலா இருந்தா அவ அழுவுறான்னு வச்சுக்க, கண்டுக்காத.

என் ஷெட்டுல வைஸ் எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? செப்டம்பர்லயே எல்லாத்தையும் சரியாத்தான் வச்சுட்டான். நான்தான் தப்பு தப்புன்னு பிரிக்க வச்சேன். எனக்கெதுக்குக்கா அந்த ஷெட்டோட பொம்மை? அந்தக் குழியில நின்னு நின்னுதான் முதுகு போச்சு. அத வித்துட்டு வெளிய வந்த அன்னிக்குத்தான் நிம்மதியா தூங்குனேன். ஆர்லீன் போன குளிர்காலத்துல ஒரு நாள் இவன் வீட்டுக்குப் போனேன், உன்கிட்ட சொல்லல. தட்டினா தொறக்கல. கதவ உடைச்சுக்கிட்டு உள்ள போனா, ஹீட்டர் போடாம, கோட்டப் போட்டுக்கிட்டு சமையலறைல உக்காந்திருக்கான். மேஜைல ரெண்டு தட்டு. எத்தன நாளா இப்படி உக்காந்திருக்கன்னு கேட்டேன். தெரியலன்னான். நானும் போயிட்டா யாரு போயி இவன் கதவ உடைப்பா? அதான் வேலை குடுத்தேன்.

அன்னிக்கு வலி தாங்காம, சரின்னு வாயில வந்துடுச்சு. கூரையத் தூக்கிக்கிட்டு ஓடினான் பாரு, ஐயோ கெடுத்துட்டேனேன்னு ஆயிடுச்சு எனக்கு. அந்த மூஞ்சியப் பாக்க முடியாமத்தான் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அப்புறம் சாமியோட அங்கி வைஸத் தட்டி விட்டுச்சு. அந்த ஆளு பூசின எண்ணெயவிட அதுதான் உபகாரம்.

இப்ப வேணும்னே தப்பு பண்றானாமே. நல்லாத்தான் பண்றான், பெஞ்சுக்கு அஞ்சாவது கால் வச்சப்ப சிரிப்ப அடக்க முடியாம இருமித் தொலைச்சேன். ஆனா தாங்க்ஸ்கிவிங் வரைக்கும் நான் இழுக்க மாட்டேன்க்கா. டாக்டர் தரையப் பாத்து சொன்னத கோனிகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். இவன்கிட்ட சொல்லாத. நீ முடிஞ்சா சீக்கிரம் கிளம்பி வா.

ஃபோட்டோவ மட்டும் அவன் சொன்ன மாதிரியே அனுப்பாத. கிழிக்கவும் வேணாம், அதுல அப்பா நிக்கறாரு. நான் போனப்புறம் நீ ஞாயித்துக்கிழமை தவறாம இவனுக்குப் போன் பண்ணு. நீயும் ஒரு கோடை முழுக்க ஷெட்டு வாசல்ல பெட்ரோல் போட்டவதானே, அவங்க விதிப்படி நீ சொன்னாலும் செல்லும். கதவு தப்புன்னு சொல்லு. அடுத்த வாரம் ஜன்னல் தப்புன்னு சொல்லு. திட்டுவான், திட்டட்டும். கூரைய மட்டும் ஒட்ட விடாத.