எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் பாஸான கதை

வேதியியலில் பட்டம் வாங்கியவனை வீட்டில் வைத்திருப்பது ஆபத்து. எதையாவது சோதித்துப் பார்க்காமல் அவனுக்குத் தூக்கம் வராது. எங்கள் வீட்டில் அந்த ஆபத்து நான்தான்.

அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்த நேரம். காமயகவுண்டன்பட்டியில் எங்கள் தெரு முழுக்கப் போர்வெல் தண்ணீர்தான். பிடித்து வைத்தால் அடியில் மண்டி தங்கும். "வீட்டுத் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள்" என்றார் டாக்டர். (என் படிப்பை மதித்துச் சொன்னதாக நானே எடுத்துக்கொண்டேன்.) குழாயில் ஒரு பாட்டில் பிடித்து, அப்பா பெயரை எழுதி ஒட்டினேன். டயாலிசிஸுக்குத் தேனி போனபோது அப்பாவே அதைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துவிட்டு வந்தார்.

முடிவு வந்தது. குடிக்க உகந்த தண்ணீராம்! தெருவையே கூட்டி வாசித்துக் காட்டினேன். "இனி யாரும் கேன் தண்ணீர் வாங்க வேண்டாம்" என்று அறிவிப்பு வேறு. அத்தோடு விட்டேனா? ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீரைப் பிடித்து அப்பாவிடமே நீட்டினேன். வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தார். "ஏலே, அதக் குடுக்காத! ஒங்கப்பா நீ புடிச்சதக் கொட்டிட்டு, கேன் தண்ணியத்தான் ஊத்திக் கொண்டு போனாக!"

தெரு சிரித்த சிரிப்பு கம்பம் வரை கேட்டிருக்கும்.

"ஏன்ப்பா இப்படிப் பண்ணீங்க?"

"எம் பேர எழுதி ஒட்டிருக்க. மண்டித் தண்ணியவா கொண்டுபோயி அவுக கையில குடுக்குறது? வீட்டுக்கு வர்றவுகளுக்கு நல்ல தண்ணி பாத்துத்தானப்பா குடுக்குறோம்?"

கூட்டம் கலைந்த பிறகு அம்மா மீதியைச் சொன்னார். எங்கள் வீட்டில் கேன் தண்ணீர் அப்பாவுக்கு மட்டும் வாங்குவது. அதிலும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் அளவு வைத்திருந்தார். தேனிக்குப் போன அன்று கேனில் மிச்சமிருந்தது அவர் பங்கு மட்டுமே. அதைப் பாட்டிலில் ஊற்றிவிட்டு, வறண்ட நாக்கோடு பஸ் ஏறியிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுபடி நானே கொண்டுபோய்க் கொடுத்த குழாய்த் தண்ணீரில் உப்பும் நைட்ரேட்டும் அளவைத் தாண்டியிருந்தன. அந்தத் தாள் வந்தபோது அப்பா இல்லை. (முன்பே தெரிந்திருந்தாலும் பலன் இருந்திருக்காது என்றார் டாக்டர். மனது கேட்கவில்லை.)

இன்றும் எங்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள், டம்ளரை வாங்கியதும் கேட்பார்கள். "இது நீங்க குடிக்கிறதா, சோதனைக்குக் குடுத்து விட்டதா?"

எல்லோரும் சிரிப்போம். அம்மாவும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

"சோதனைக்குக் குடுத்ததுதான். இவன் அப்பா குடிக்காம வச்சிட்டுப் போனது, மிச்சம் வைக்காமக் குடிங்க."

இதுவரை யாரும் மிச்சம் வைத்ததில்லை.