உன் பிள்ளையிடம் என் பேத்தி முக்குளிக்க மாட்டாள்

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதிக்கொள்வது. நான் நலம். உன் நலத்தைக் கேட்க வேண்டியதில்லை. உனக்கு என்ன குறை, நன்றாகத்தான் இருப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் வாயில் வசவுதான் வரும், அதனால் காகிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் வயிற்றுப் பேத்திக்குக் கடலடியில் பவளம் எண்ணுகிற ஆபீசில் வேலை. ஸ்கூபா என்கிற முக்குளிப்பைக் கற்று, தேறியதற்கு ஒரு கார்டு இந்த மாதத்துக்குள் வாங்கினால்தான் வேலை நிலைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். "அத்தை, நம்ம பொண்ணுதானே, என்கிட்ட விடுங்க" என்று உன் பிள்ளை சொன்னான். நானும் கூடவே வந்து நீச்சல் குளத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேனே, மறந்திருப்பாய், எனக்கு மறக்காது. சொல்லித்தர இவன் ஒரே ஆள், தண்ணீருக்குள் ஒரு கல்யாணக் கூட்டம். அடியில் போய்க் கண்ணாடி முகமூடியைக் கழற்றி, திரும்ப மாட்டி, உள்ளே புகுந்த தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டுமாம். இவள் கழற்றினாள், பயந்தாள், தண்ணீரைக் குடித்துக்கொண்டு மேலே வந்து இருமினாள். உன் பிள்ளை முதுகைத் தட்டி, "பரவாயில்ல விடு, கடலுக்குப் போனா தன்னால வரும்" என்று சிரிக்கிறான்! "எங்க கார்டு உலகம் பூரா செல்லும் அத்தை" என்று பெருமை வேறு. உலகம் பூரா செல்லும் சரி, இவள் திரும்பி வருவாளா?

பரவாயில்லை என்பது உங்கள் குடும்பச் சொத்து. என் கல்யாணத்தன்று கூடத்தில் நின்று, "பொண்ணு கறுப்புதான், பரவாயில்ல" என்றவள் நீ. உன் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, "வாயுதான் அண்ணி, பரவாயில்ல, காலைல பாத்துக்கலாம்" என்றவளும் நீதான். காலையில் பார்க்க அவர் இல்லை.

ஆகவே இங்கேயே வேறு ஆள் தேடினேன். ஒரு அம்மாள் கிடைத்தாள், கட்டை உருவம், கிராப்புத் தலை, எல்லோரும் கடுகு என்று கூப்பிடுகிறார்கள். எந்தக் கார்டு உசத்தி என்று கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதான் பாட்டிம்மா, மீனு வந்து கார்டு கேக்காது. யாரு சொல்லித் தர்றாங்க, எத்தனை பேரை வச்சு மேய்க்கிறாங்கன்னு பாருங்க" என்றாள். அவளிடம் கற்றுக்கொள்ள இவளைத் தவிர இன்னும் ஒரு பிள்ளைதான். ஆனால் வாயைத் திறந்தால் பட்டாசு. "நேத்து சிலிண்டர்ல காத்து எவ்வளவு இருக்குன்னு பாக்காம இறங்கினே. போன வாரம் உன்கூட வந்தவனை விட்டுட்டு நீ பாட்டுக்குப் போனே. உள்ள மூச்சைப் பிடிச்சா நுரையீரல் கிழியும்னு சொன்னேனா இல்லையா?" ஒன்றைக்கூட மறக்கவில்லை, மன்னிக்கவில்லை! எனக்குக் கூடப்பிறந்தவள் இல்லாத குறை அன்றோடு தீர்ந்தது. தப்பை மறக்கிறவனிடம் உயிரைக் கொடுப்பார்களா? பேத்தி அழுதாள். அழட்டும், கரையில் நின்று அழுகிறவளுக்கு மூச்சு இருக்கிறது.

ஆகவே உன் பிள்ளை இனிமேல் போன் பண்ண வேண்டாம். உன் வீட்டு வாசலை நானும் மிதிக்க மாட்டேன், அவளும் மிதிக்க மாட்டாள். உன் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசீர்வாதம். உனக்கு இரண்டில் எது பொருந்துமோ எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
மறக்காத உன் அண்ணி

பின்குறிப்பு: மேலே எழுதியதைக் கிழித்துப் போடு. முகமூடி இன்னும் சரியாக வரவில்லை, அடுத்த மாதம் வா என்று கடுகு இவளைத் திருப்பி அனுப்பிவிட்டாள். "உன் பேச்சைக் கேட்டு என் வேலையே போகப்போகுது பாட்டி" என்று கத்திவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு உன் பிள்ளையிடம் கிளம்பிவிட்டாள். நாளைக் காலையில் கடலில் இறக்குகிறானாம். போனை எடுத்தால் இப்போதும் வசவுதான் வரும். எதிர்வீட்டு லாரி டிரைவர் இப்போதே உங்கள் ஊருக்குப் புறப்படுகிறார். லாரியில் ஏற என் முட்டி விடாது, காகிதத்தை மட்டும் கொடுத்தனுப்பிவிட்டு நான் பஸ் பிடிக்கிறேன். உன் பிள்ளை கூட்டத்தோடு இவளை இறக்காமல் தனியாகக் கையைப் பிடித்து இறக்கச் சொல். நீயும் போ. அவள் தலை வெளியே தெரிகிறவரை கரையை விட்டு நகராதே. நானும் வந்து உன் பக்கத்தில்தான் நிற்பேன். பேச மாட்டேன்.