நாலாவது வெட்டு

மதிப்பும் மரியாதையும் நிறைந்த முந்திரிக்கொட்டை அவர்களுக்கு,

இங்கே என் முழங்காலைத் தவிர அனைவரும் நலம். அங்கே உன் காதைத் தவிர மற்றதெல்லாம் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். உனக்குக் காது கேட்காது, எனக்கு எழுத்து தெரியாது. போனில் கத்தி இரண்டு தெருவைக் கூட்டுவதைவிட இதுவே மேல் என்று நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். இப்படி ஒரு பெயரைப் போட்டா பெரிய மனிதருக்கு எழுதுவது என்று கேட்கிறாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து எனக்குத் தெரிந்த பெயர் அது ஒன்றுதான், எழுது என்றேன்.

நாம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் உனக்கு மறந்திருக்காது. ஆற்றுப் பாலத்தின் நடுத்தூண் உட்கார்ந்துபோன வருஷம் அது. தபால்காரருக்கு முதன்முதலாக சைக்கிள் கொடுத்து, அவர் அதைத் தள்ளிக்கொண்டே ஊரைச் சுற்றியதும், உன் பெரியக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் வீடு தெரியாமல் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனதும் அந்த வருஷம்தான். வகுப்பில் இருபத்திரண்டு பேர். நீ முன் பெஞ்சு, நான் உன் முதுகுக்குப் பின்னால். ஒன்பதாம் நாள் வாத்தியார் ஒரு கயிற்றைத் தூக்கிக் காட்டி, இதை நாலு துண்டாக்க எத்தனை தடவை வெட்டவேண்டும் என்று கேட்டதும், நான் மூன்று என்றதும், அவர் நாலு என்று சாதித்து என்னைப் பிடரியில் கைவைத்து வெளியே தள்ளியதும், அத்தோடு என் படிப்பு முடிந்ததும் ஊரறிந்த கதை. நாற்பதாவது தடவையாகக் கேட்கிறேன் என்கிறாள் மகள். நாற்பத்தோராவது தடவையும் உண்டு, அதற்காகத்தான் இந்தக் கடிதமே என்றேன்.

என் மாப்பிள்ளையை உனக்குத் தெரியும். பதினேழு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். டிக்கெட் கொடுக்க மெஷின் வந்ததும் அவரை இறக்கிவிட்டுவிட்டார்கள். மனிதர் சும்மா இருக்கவில்லை. நாற்பதாவது வயதில், தொடக்கப்பள்ளி ஆசிரியராகப் போகிறேன் என்று பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்துவிட்டார். கூடப் படிக்கிற பிள்ளைகள் இவரைக் காவலாளி என்று நினைத்து, கேட்டைத் திறக்கச் சொன்னார்களாம். இவரும் திறந்துவிட்டிருக்கிறார். புத்தகப் படிப்பெல்லாம் எப்படியோ கரையேறிவிட்டது. பிறகு ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, நிஜப் பிள்ளைகள் முன்னால் பாடம் நடத்தச் சொன்னார்கள். விரிவுரையாளர் அம்மா ஒருவர் மூன்று முறை வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். ஒரு தடவையாவது அவர் சரி என்று எழுதவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம்தான்; அடுத்த வருஷம் மாப்பிள்ளைக்கு வயது வரம்பு தாண்டிவிடும். அதாவது கடைசி பஸ்.

முதல் தடவை அம்மா வந்தபோது பிள்ளைகள் வாசலில் நெரித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். இவர் பழக்க தோஷத்தில் பையிலிருந்து விசிலை எடுத்து ஊதி, "வாசல்ல நிக்காதீங்க, முன்னால போங்க, முன்னால எடம் இருக்கு" என்று சொல்லிவிட்டார். முப்பத்திரண்டு பிள்ளைகளும் முன்னால் போய்க் கரும்பலகையில் ஒட்டிக்கொண்டார்கள். பெஞ்சில் அந்த அம்மா மட்டும். இரண்டாம் தடவை விசிலை மகள் பிடுங்கி வைத்துக்கொண்டாள். அன்று வந்தது வேறு வினை. பாடக்குறிப்பு என்று ஒன்று எழுதிக்கொண்டு போகவேண்டுமாம். இடது பக்கம் ஆசிரியர் என்ன கேட்பார், வலது பக்கம் மாணவர் என்ன சொல்வார். பிள்ளை வாயைத் திறக்கும் முன்பே பிள்ளையின் பதிலை இவர் எழுதிவிடவேண்டும். ஐந்தும் ஐந்தும் எத்தனை என்று இடது பக்கம், பத்து என்று வலது பக்கம். கேட்டார். ஒரு சின்னப் பெண் எழுந்து, "சார், எங்க பூனை மூணு குட்டி போட்டிருக்கு" என்றாள். மாப்பிள்ளை குறிப்பில் அந்தப் பதிலைத் தேடினார். அந்தப் பக்கத்தில் இல்லை. அடுத்த பக்கத்திலும் இல்லை. அட்டை வரைக்கும் புரட்டி முடித்தபோது மணி அடித்துவிட்டதாம்.

அன்று மாலை மாப்பிள்ளை காபி குடிக்கவில்லை. மகள் என்னிடம் வந்து, வீட்டிலேயே அவர் நடத்திப் பழகவேண்டும், அதற்கு எழுத்து தெரியாத ஒரு ஆள் வேண்டும் என்றாள். எவ்வளவு பணிவாகச் சொன்னாள் தெரியுமா, எனக்குக் கோபப்படவே தோன்றவில்லை. இப்படியாக, எழுபது வருஷம் கழித்து என்னை மறுபடியும் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். மற்ற நேரத்தில் மாமா, நீங்க, வாங்க என்று துண்டை இடுப்பில் கட்டாத குறையாக நிற்கிற மாப்பிள்ளை, சார்ட்டை ஆணியில் மாட்டிவிட்டால் "தம்பி, கையைக் கட்டுங்க" என்பார். பாத்ரூமுக்கு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் போகவேண்டும். மணி அடித்தால்தான் சோறு. ஒரு நாள் பாடத்தை ஒழுங்காகக் கவனித்தேன் என்று என் சட்டையில் சிவப்பு நட்சத்திரம் ஒன்றை ஒட்டினார். கழற்ற மறந்து, நம் வகுப்பு இரட்டையர்களில் மூத்தவன் போன துக்கத்துக்கு அதோடு போய்விட்டேன். துக்க வீட்டில் எல்லாரும் என் நெஞ்சைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். திரும்பி வந்தபிறகுதான் மகள் சொன்னாள், அதில் 'மிக நன்று' என்று எழுதியிருந்ததாம்.

மூன்றாவது தடவைக்கு மாப்பிள்ளை எடுத்த பாடம் என்ன தெரியுமா? அதே கயிறு. அதே நாலு துண்டு. புத்தகத்தில் இன்னும் விடாமல் போட்டிருக்கிறார்கள். வலது பக்கம் 'மூன்று' என்று எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. "புள்ளைங்க அப்படிச் சொல்லாதுங்க மாப்பிள்ளை. நாலுன்னுதான் சொல்லும்" என்றேன்.

"ஏன் மாமா?"

"துண்டு நாலு இருக்குல்ல. சின்னப் புள்ள கண்ணுக்குத் துண்டுதான் தெரியும். வெட்டு எங்க தெரியப்போகுது?"

மாப்பிள்ளை என்னையே பார்த்தார். "மூணுன்னு சொன்னவர் நீங்க. நாலுன்னு சொல்ற புள்ள மனசு உங்களுக்கு எப்படி மாமா தெரிஞ்சுது?"

நாற்பது வருஷம் சாரம் கட்டிக் கயிறு வெட்டினவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று அதட்டினேன். அவர் 'மூன்று' என்பதை அடித்துவிட்டு, வலது பக்கம் 'நாலு' என்றும், அதற்குக் கீழே நான் சொன்ன காரணத்தையும் எழுதிக்கொண்டார்.

அன்றைக்கு மாப்பிள்ளை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார், கயிற்றைத் தவிர. மகள் அதை என் கையில் திணித்துத் துரத்தினாள். ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு, மூச்சு வாங்கியதால் அங்கேயே நின்றுவிட்டேன். கேட்டார். முப்பத்திரண்டு வாயும் ஒன்றாக நாலு என்றது. கடைசி பெஞ்சில் பேனா நின்றது. மாப்பிள்ளை பதறவில்லை, பக்கத்தைப் புரட்டவும் இல்லை. ஒருத்தனைப் பார்த்து, "நாலுன்னு எதனால சொன்னீங்க தம்பி?" என்று கேட்டு, அவன் திக்கித் திணறி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு கத்தரிக்கோலைக் கொடுத்து வெட்டச் சொன்னார். அவன் மூன்று தடவை வெட்டினான். கையில் துண்டு நாலு இருக்கிறது, ஆனாலும் கத்தரியைத் திறந்தபடியே நிற்கிறான்.

"சார், நாலாவது வெட்டைக் காணோம்."

வகுப்பே மேஜைக்கு அடியில் குனிந்து தேடியது. அந்த அம்மாவும் குனிந்தார், என் கண்ணால் பார்த்தேன். பாடம் முடிந்ததும் குறிப்பை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "புள்ளைங்க சரியா சொல்லும்னுதான் எல்லாரும் எழுதிட்டு வர்றாங்க. தப்பா சொல்லும்னும், ஏன் தப்பா சொல்லும்னும் எழுதினது நீங்க ஒருத்தர்தான்." மாப்பிள்ளை தேறிவிட்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். இவர் பெருமை தாங்காமல் என் கதை முழுவதையும் அந்த அம்மாவிடம் ஒப்பித்துவிட்டார். ஒரு வாத்தியாரின் பிழையால் படிப்பை இழந்த மனிதர் பயிற்சி நிறைவு நாளன்று மேடையேறி, நூற்றிருபது வருங்கால ஆசிரியர்களிடம் நடந்ததைச் சொல்லவேண்டுமாம். நேரில் பார்த்தவர் யாராவது உண்டா என்றும் கேட்டிருக்கிறார்கள். நீ இருப்பதை மகள் சொல்லிவிட்டாள். ஆகவே வருகிற இருபதாம் தேதி தவறாமல் வந்து, நடந்ததை நடந்தபடி சொல்லி, என் மாப்பிள்ளையின் மரியாதையைக் காப்பாற்றவேண்டும். முன் வரிசையில் நாற்காலி போடுகிறார்கள். உனக்கு முன் வரிசை புதிதல்ல.

உன் மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உன் காதுக்கும்.

இப்படிக்கு,
உன் பின் பெஞ்சு

பி.கு.: கையெழுத்து மாறியிருக்கிறதே என்று திகைக்காதே. இதைத் தபால் பெட்டிக்கு எதிரே இருக்கிற தையல்காரர் எழுதுகிறார். வெளியே சொல்லமாட்டார்; அவர் வாயில் எப்போதும் குண்டூசி. நீ வரவேண்டாம். வயிற்றுவலி என்று எழுதிப் போடு. அன்று மூன்று என்றது நானில்லை என்பது உனக்குத் தெரியும். நான் நாலு என்றேன். வாத்தியார் தள்ளவில்லை, திட்டவும் இல்லை. கிட்ட வந்து குனிந்து, "நாலுன்னு ஏன்டா தோணுச்சு?" என்றுதான் கேட்டார். துண்டு நாலு இருக்கே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் முன் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "மூணு சார்" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் நானாகத்தான் போகவில்லை. அன்று சொல்லாமல் விட்ட அந்தப் பதிலை இந்த வருஷம்தான் ஒருவர் கேட்டு எழுதிக்கொண்டார். வந்தே தீருவேன் என்றால் வா. ஆனால் மேடையில் என்ன சொல்வது என்று நான் இன்னும் முடிவுசெய்யவில்லை, இந்தத் தடவையாவது நான் சொல்லி முடிக்கிறவரை பொறு. அன்று சிரித்தவர்களில் மூக்கன் வெள்ளத்தோடு போனான், கணக்கப்பிள்ளை மகன் நெஞ்சுவலியில் போனான், இரட்டையர்கள் ஆறு மாத இடைவெளியில் போனார்கள், மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள், வாத்தியார் எல்லாருக்கும் முன்னால் போனார். நான் எழுபது வருஷமாகச் சொல்வது பொய் என்று தெரிந்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது ஒரே ஒரு ஆள்தான்: முந்திரிக்கொட்டை.